தென் கொரியாவில் குடும்பம் நடத்தும் சின்னக் கடைகளில் சாப்பிடுவது எப்படி?

கேள்வி இதுதான்: "அக்டோபர் கடைசியில் பத்து நாள் தென் கொரியா போகிறோம். நான், மனைவி, அம்மா. ஹோட்டல் உணவும் பெரிய சங்கிலிக் கடைகளும் வேண்டாம், அந்த ஊர்க் குடும்பங்கள் நடத்தும் சின்ன உணவகங்களில் சாப்பிட ஆசை. மொழி தெரியாது. நாங்கள் இருவரும் எல்லாம் சாப்பிடுவோம். அம்மா மாடும் பன்றியும் தொடமாட்டார், கோழியும் மீனும் சாப்பிடுவார். நல்ல கடையை எப்படிக் கண்டுபிடிப்பது, அம்மாவுக்கு என்ன வாங்கித் தருவது?"

தாராளமாக முடியும். சூவோனில் வேலை பார்க்கிறேன். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடங்கள் இந்தச் சின்னக் கடைகள்தான், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நம் ஊர் ஹோட்டலில் உட்கார்ந்த பிறகுதான் என்ன சாப்பிடலாம் என்று யோசிப்போம். ஒரே அடுப்படியிலிருந்து தோசையும் வரும், புரோட்டாவும் வரும், ஃபிரைடு ரைஸும் வரும். கொரியாவில் அந்த முடிவைத் தெருவிலேயே எடுத்துவிட வேண்டும். மீன் சுடுகிற கடை மீன் மட்டும்தான் சுடும். நூடுல்ஸ் கடையில் நூடுல்ஸ்தான். சுவரில் நாலைந்து வரிதான் எழுதியிருக்கும், அதிலும் பாதி ஒரே குழம்பின் சிறியது, பெரியது என்று இருக்கும். அம்மா ஆரம்பித்த கடையை மகன் நடத்துவார், மருமகள் கல்லாவில் இருப்பார், அந்த ஒரே குழம்பை அவர்கள் பல பத்தாண்டுகளாக வைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் "இன்று எந்தக் கடை நல்ல கடை" என்று தேடாதீர்கள். "இன்று மதியம் சுட்ட மீன்" என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கான கடையைத் தேடுங்கள். நாற்பது வகை எழுதியிருக்கும் கடைகளும் உண்டு. கிம்பாப் (கடற்பாசித் தாளில் சுருட்டிய சோறு), ராம்யோன் (உடனடி நூடுல்ஸ்) விற்கும் சிற்றுண்டிக் கடைகள் அப்படித்தான். அவசரப் பசிக்கு அவை நல்லவை, ஆனால் நீங்கள் கேட்பது அவற்றை அல்ல.

தேடுவதற்கு உள்ளூர்க்காரர்கள் பயன்படுத்துவது நேவர் மேப்பும் ககாவ் மேப்பும். இரண்டையும் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்க பப்பாகோ என்று ஒரு செயலி உண்டு, கொரிய மொழிக்கு அதுதான் எனக்குத் திருப்தி. சுவரில் இருக்கும் மெனுவைப் படம் எடுத்தால் அதிலேயே படித்துக் காட்டிவிடும்.

ஆனால் செயலியில் இருக்கும் நட்சத்திரங்களைவிட நான் நம்பும் அடையாளம் ஒன்று உண்டு. கொரிய உணவகங்கள் தாங்கள் பயன்படுத்தும் அரிசி, இறைச்சி, கிம்ச்சி (மிளகாய்த் தூள் போட்டுப் புளிக்க வைத்த கோஸ்) எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எழுதி மாட்ட வேண்டும் என்பது சட்டம். உள்ளே நுழைந்ததும் சுவரில் அந்தப் பலகையைத் தேடுங்கள். கிம்ச்சி வரியில் கோஸும் மிளகாய்த் தூளும் தனித்தனியாக இருக்கும். இரண்டும் உள்நாட்டுச் சரக்கு என்று இருந்தால், அந்த வீட்டில் கிம்ச்சியைத் தாங்களே போடுகிறார்கள் என்று பெரும்பாலும் நம்பலாம். சீனாவிலிருந்து வரும் தயார் கிம்ச்சி மிக மலிவு, அதை வாங்கி வைக்கும் கடைகள் ஏராளம். கிம்ச்சியில் அக்கறை எடுப்பவர்கள் மற்ற எல்லாவற்றிலும் எடுப்பார்கள் என்பது என் அனுபவம். கொல்லையிலோ மொட்டை மாடியிலோ வரிசையாகப் பெரிய மண் ஜாடிகள் தெரிந்தால் இன்னும் நல்லது. அவற்றில் சோயா விழுதும் சோயா சாஸும் புளித்துக்கொண்டிருக்கும். மாலை நாலு மணிக்குக் கடையைத் தாண்டிப் போகும்போது, பாட்டியும் மகளும் ஒரு மேசையில் உட்கார்ந்து முளைப்பயறின் வாலைக் கிள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் இரவுச் சாப்பாட்டுக்கு அங்கேயே போய்விடுங்கள்.

வாசலில் "நூறாண்டுக் கடை" என்ற பட்டயம் ஒட்டியிருப்பதும் கவனிக்க வேண்டியது. 30 வருடத்துக்கு மேல் நடக்கும் சிறு கடைகளைத் தேர்ந்தெடுத்து, நூறு வருடம் நீடிக்க வேண்டும் என்று 2018-லிருந்து அரசு கொடுப்பது அது. ஒரே சந்தில் ஏழெட்டுக் கடைகள் "நாங்கள்தான் அசல்" என்று பலகை வைத்திருப்பதையும் பார்ப்பீர்கள். அதில் எது உண்மை என்று ஆராய்ந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். ஒரே உணவுக்குப் பேர் வாங்கிய சந்தில் மோசமான கடை அதிக நாள் தாங்காது. டிவியில் வந்த படத்தை வாசல் முழுக்க ஒட்டியிருப்பதையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, அது எல்லாக் கடையிலும் இருக்கிறது.

ஒரே உணவு என்ற விதிக்கு வெளியே இரண்டு வகைக் கடைகள் உண்டு, இரண்டும் உங்களுக்குத் தேவைப்படும். ஒன்று பேக்பான் கடை. சோறு, ஒரு சூப், ஐந்தாறு தொடுகறி, சில சமயம் ஒரு சுட்ட மீன். அன்றைக்குச் சந்தையில் என்ன கிடைத்ததோ அதுதான் சாப்பாடு, பல கடைகளில் தேர்வு செய்யவே ஒன்றும் இருக்காது. அலுவலகங்கள் இருக்கும் பகுதிகளில் பின் சந்துகளில் இருக்கும். இன்னொன்று டாக்ஸி ஓட்டுநர்களுக்காக வந்த கிஸா ஷிக்தாங். வாசலில் டாக்ஸிகள் வரிசையாக நிற்கும். உட்கார்ந்த சில நிமிடங்களில் தட்டு வந்துவிடும், தனியாகப் போனாலும் முகம் சுளிக்க மாட்டார்கள். அங்கே பன்றி அதிகம், அதனால் அம்மா இல்லாத வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் முக்கியம். 12 மணிக்கு அலுவலகக்காரர்கள் மொத்தமாக வந்து இறங்குவார்கள். 11:15-க்குப் போங்கள், இல்லையென்றால் 1 மணிக்கு மேல் போங்கள். 3 மணியிலிருந்து 5 மணி வரை பல கடைகள் அடுப்பை அணைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அலுவலகப் பகுதிக் கடைகள் திறப்பதில்லை. நீங்கள் சூசொக் என்ற அறுவடைப் பண்டிகை முடிந்த பிறகு போவது நல்லதாயிற்று. அந்த வாரத்தில் குடும்பக் கடைகளெல்லாம் பூட்டிவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள்.

சரி, உள்ளே போய்விட்டீர்கள். எத்தனை பேர் என்று விரலால் காட்டுங்கள். கரண்டியும் குச்சியும் மேசையின் பக்கவாட்டில் இருக்கும் இழுப்பறையில் இருக்கும், இல்லாவிட்டால் மேசை மேல் ஒரு பெட்டியில். தண்ணீரை நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டிய கடைகள் அதிகம். யாரும் வந்து "என்ன வேண்டும்" என்று கேட்கவில்லையே என்று காத்திருக்காதீர்கள், கூப்பிட வேண்டும். "யோகியோ" என்று கொஞ்சம் உரக்கவே சொல்லலாம், அது மரியாதைக் குறைவு இல்லை. வாடிக்கையாளர்கள் கடைக்கார அம்மாவை "இமோ" என்று, அதாவது சித்தி முறை வைத்துக் கூப்பிடுவார்கள். முதல் முறை போகும் நீங்கள் "சாஜாங்னிம்" என்று முதலாளி மரியாதை கொடுத்தே கூப்பிடுங்கள், ஆணோ பெண்ணோ யாருக்கும் பொருந்தும்.

நம்மவர்கள் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மூன்று பேர் போய் இரண்டு வாங்கிப் பகிர்ந்து சாப்பிடுவது இங்கே வழக்கமில்லை. தலைக்கு ஒன்று சொல்ல வேண்டும். காரணம், நீங்கள் காசு கொடுப்பது அந்தக் குழம்புக்கு மட்டும் இல்லை, கூடவே வரும் தொடுகறிகளுக்கும் சேர்த்துத்தான். மேசை அடுப்பில் கொதிக்கும் குழம்புக்கும் சுடும் இறைச்சிக்கும் குறைந்தது இரண்டு பேர் அளவு சொல்ல வேண்டும் என்று இருக்கும். மூன்று பேர் என்பதால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை.

அந்தத் தொடுகறிகளுக்கு பான்சான் என்று பெயர். கேட்காமலே வரும், தீர்ந்தால் மறுபடி வரும், அதற்குத் தனிக் காசு கிடையாது. ஆனால் சோறு மட்டும் ஒரு சின்ன மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் அளவாக வரும், இன்னொன்று வேண்டுமென்றால் பெரும்பாலான கடைகளில் 1,000 வொன் வாங்குவார்கள். தொடுகறி இலவசம், சோற்றுக்குக் காசா என்று நமக்கு ஆச்சரியமாக இருக்கும். இதற்குப் பின்னால் அரிசிப் பஞ்சத்தின் கதை இருக்கிறது. 1960-களிலும் 70-களிலும் அரிசி போதாமல் அரசு மிகக் கடுமையாக நடந்துகொண்டது. 1969-இல் புதன், சனி இரண்டு நாளும் பகல் வேளையில் உணவகங்களில் அரிசிச் சோறு விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். 1976-இல் சியோல் நகராட்சி சோற்றுக் கிண்ணத்துக்கே அளவு விதித்தது: உள்விட்டம் 10.5 செ.மீ., உயரம் 6 செ.மீ., அதிலும் ஐந்தில் நாலு பங்குதான் நிரப்ப வேண்டும். பஞ்சம் போய்விட்டது, கிண்ணம் நின்றுவிட்டது. இன்றைக்கும் நாடு முழுக்க ஏறக்குறைய அதே கிண்ணம்தான்.

பான்சானைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு குடும்பக் கடையின் தரம் அதில்தான் தெரியும். முக்கியக் குழம்பு வருவதற்கு முன்பே நாலைந்து சின்னத் தட்டுகள் வந்துவிடும். நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்த கீரை, சோயா முளை, இனிப்பும் காரமுமாக வறுத்த நெத்திலி, முள்ளங்கிக் கிம்ச்சி, கோஸ் கிம்ச்சி. குழம்புக்காகக் காத்திருக்காமல் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் எடுத்துப் பாருங்கள். நாலும் ஒரே இனிப்பாக இருந்தால் அது மொத்தமாக வாங்கியது. கிம்ச்சி புதிதாக, கறுக்கென்று இருக்கிறதா, நன்றாகப் புளித்து இருக்கிறதா என்று பாருங்கள். சூப் கடைகள் முள்ளங்கிக் கிம்ச்சியைப் புளிக்க விட்டுத்தான் வைப்பார்கள், கொழுப்பான சூப்புக்கு அந்தப் புளிப்பு வேண்டும். கையால் பிசைந்து செய்யும் நூடுல்ஸ் கடைகளில் அன்றைக்கே போட்ட, பூண்டு வாசம் தூக்கும் கிம்ச்சி வரும். எந்தக் குழம்போடு எந்த வயதுக் கிம்ச்சி போக வேண்டும் என்பது அந்த வீட்டுப் பெண்களின் கணக்கு, அதைக் கவனித்துச் சாப்பிடுவதில்தான் முழு ருசியும் இருக்கிறது. குளிர்காலத்துக்கு முன் குடும்பமாக, அக்கம்பக்கத்தோடு கூடி உட்கார்ந்து கிம்ச்சி போடும் கிம்ஜாங் வழக்கத்தை யுனெஸ்கோ 2013-இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சோயா விழுதும் சாஸும் தயாரிக்கும் மரபு 2024-இல் சேர்ந்தது.

இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் அந்தத் தட்டைக் காட்டி "தொ ஜுசேயோ" என்று சொன்னால் போதும். தின்ன முடிகிற அளவுக்கு மட்டும் கேளுங்கள். ஒருவர் மேசையில் மிஞ்சிய பான்சானை மறுபடி பரிமாறுவது 2009 முதல் தண்டனைக்குரியது, மிச்சம் வைத்தால் அப்படியே குப்பைக்குத்தான் போகும்.

இப்போது அம்மாவுக்கு வருவோம். கொரியாவில் மாடும் பன்றியும் கண்ணுக்குத் தெரியும் துண்டாக மட்டும் வருவதில்லை, சாற்றில் கரைந்து வரும். ஐஸ் மிதக்கும் நெங்மியோன் நூடுல்ஸைப் பார்த்தால் சைவம் போலத் தெரியும், அதன் சாறு பெரும்பாலும் மாட்டிறைச்சி வேகவைத்தது. கடற்பாசி சூப்பில் மாட்டிறைச்சித் துண்டு சகஜம். கிம்ச்சி ஜிகே என்ற கிம்ச்சிக் குழம்பில் பன்றி இல்லாவிட்டால்தான் அதிசயம். மாண்டு கொழுக்கட்டை, கறுப்பு சாஸ் ஊற்றிய ஜாஜாங்மியோன் நூடுல்ஸ் இரண்டிலும் பன்றி. காய்கறியும் மிளகாய் விழுதும் போட்டுப் பிசைந்து சாப்பிடும் பிபிம்பாப் சோற்றின் மேல் கொத்திய மாட்டிறைச்சி இருக்கும், சில கடைகளில் மிளகாய் விழுதிலேயே அதைச் சேர்த்து வதக்கியிருப்பார்கள். போதாததற்கு தஷிதா என்ற சூப் பொடி 1975-லிருந்து வீடுகளிலும் கடைகளிலும் புழங்குகிறது, அதில் அதிகம் விற்பது மாட்டிறைச்சிச் சுவை. அம்மா துண்டை ஒதுக்கினால் போதும் என்பவரா, சாறும் ஆகாது என்பவரா என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். "மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, அவற்றின் சாறு, தஷிதா எதுவும் சாப்பிட மாட்டார், மீனும் கோழியும் சாப்பிடுவார்" என்று கொரிய எழுத்தில் ஒரு அட்டை தயார் செய்து, உட்காருவதற்கு முன்பே காட்டுங்கள். ஆர்டர் கொடுத்த பிறகு காட்டினால் அவர்களுக்கும் சங்கடம். குடும்பக் கடைகளில் முடியாது என்றால் முடியாது என்று நேராகச் சொல்லி, பக்கத்தில் எங்கே போகலாம் என்று கையைக் காட்டியும் விடுவார்கள்.

கவலைப்பட வேண்டாம், அம்மா சாப்பிட நிறைய இருக்கிறது. சியோலில் முதல் நாளே ஜோங்னோ 5-கா சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சந்துக்கு அழைத்துப் போங்கள். தாக் ஹன்மரி என்ற ஒரே உணவுக்கான சந்து அது. ஒரு முழுக் கோழியை அகலமான பாத்திரத்தில் மேசை மேலேயே கொதிக்க வைப்பார்கள். கடைக்காரர் பெரிய கத்தரிக்கோலால் துண்டு போட்டுவிட்டுப் போவார். மிளகாய் விழுது, வினிகர், சோயா சாஸ், கடுகு எல்லாம் மேசையில் இருக்கும், தொட்டுக்கொள்ளும் சாஸை நீங்களே கலந்துகொள்ள வேண்டும். அம்மாவுக்கு இந்த வேலை பிடிக்கும் என்று நினைக்கிறேன், தனக்கு வேண்டிய காரத்தில் கலந்துகொள்ளலாம். கோழி தீர்ந்ததும் அந்தச் சாற்றிலேயே கல்குக்சு நூடுல்ஸ் போடச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் எழுந்து வந்தால் பாதிச் சாப்பாட்டை விட்டுவிட்டு வந்ததாக அர்த்தம்.

அதே சந்திலேயே மீன் சுடும் கடைகள் இருக்கின்றன. வாசலில் கரி அடுப்பில் மீன் வெந்துகொண்டே இருக்கும், புகையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். கானாங்கெளுத்தி, சாவாளை, அப்புறம் சம்ச்சி என்ற மீன். சம்ச்சி நம் வஞ்சிரத்தின் உறவுக்கார மீன்தான், அம்மா தயக்கமே இல்லாமல் சாப்பிடுவார். உப்பு மட்டும் போட்டுச் சுட்டது, கூடச் சோறு, சோயா விழுதுச் சூப், பான்சான். சூப்புக்கு மட்டும் அட்டையைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாவாளையைக் குழம்பாகச் சாப்பிட வேண்டுமென்றால் நம்தேமுன் சந்தைக்குள் இருக்கும் கல்ச்சி ஜோரிம் சந்து. ஆள் ஒருவர்தான் நடக்க முடியும், அவ்வளவு குறுகல். அடியில் தடிமனான முள்ளங்கி வில்லைகள், மேலே சாவாளைத் துண்டுகள், மிளகாய்த் தூளும் பூண்டும் சோயா சாஸும் ஊற்றி, நசுங்கிப்போன பாத்திரத்தில் சுண்டக் காய்ச்சுவார்கள். மீனைவிட அந்த முள்ளங்கிதான் எனக்கு உயிர். குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போகலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதே சந்தையில் நூடுல்ஸ் சந்து ஒன்றும் இருக்கிறது. ஒன்று கேட்டால் கூடவே சின்னக் கிண்ணத்தில் இன்னொரு வகை நூடுல்ஸும் தருவதுதான் அங்கே பழக்கம்.

1905-இல் தொடங்கிய குவாங்ஜாங் சந்தையைப் பற்றி எல்லாரும் சொல்லியிருப்பார்கள். ஊறவைத்த பாசிப்பருப்பைக் கண்ணெதிரே எந்திரக் கல்லில் அரைத்து, எண்ணெயில் அடை போல் தட்டிப் பொரிக்கும் பிண்டேத்தோக்குக்காக ஒரு முறை போகலாம். மாவில் பன்றி கலந்த கடையும் உண்டு, கேட்டு வாங்குங்கள். மற்றபடி அங்கே இப்போது சுற்றுலாக் கூட்டம்தான் அதிகம், நிதானமாக உட்கார்ந்து சாப்பிடும் இடம் இல்லை.

மாட்டிறைச்சி சாப்பிடும் உங்கள் இருவருக்கு: சியோலின் மிகப் பழைய உணவகம் என்று சொல்லப்படும், 1904-இல் தொடங்கிய இமுன் சொல்லொங்தாங் ஜோங்னோவில்தான் இருக்கிறது. மாட்டெலும்பை மணிக்கணக்கில் காய்ச்சிய வெள்ளைச் சாறு. உப்பே போடாமல் வரும், நீங்கள்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

பத்து நாளும் சியோலிலேயே இருந்துவிடாதீர்கள். குடும்பக் கடைகளின் அருமை வெளியூரில்தான் அதிகம் தெரியும், ஒவ்வொரு ஊரும் தன் மண்ணில் விளைவதையும் தன் கதையையும் சமைக்கிறது. மூன்று ஊர் சொல்கிறேன்.

கிழக்குக் கடலோரம் காங்நுங். சியோலிலிருந்து கேடிஎக்ஸ் என்ற அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். அங்கே சோடாங் என்ற பகுதியில் சோயாப் பாலைக் கடல் தண்ணீர் ஊற்றித் திரிய வைத்து டோஃபு செய்கிறார்கள். இறுகாத வெள்ளை சுன்டுபு கிண்ணம் நிறைய, சூடாக வரும். காரம் எதுவும் இல்லை, மேலே கொஞ்சம் சோயா சாஸ் விட்டுக்கொள்ள வேண்டும். முதல் கரண்டிக்குச் சப்பென்று தோன்றும், மூன்றாவது கரண்டியில் சோயாவின் வாசனை தெரிய ஆரம்பிக்கும். பயணத்தில் வயிறு கலங்கியிருந்தால் இதைவிட நல்ல காலை உணவு இல்லை. காலையில் சீக்கிரம் போங்கள், டோஃபு அப்போதுதான் இறக்கியிருப்பார்கள். பக்கத்திலேயே சிவப்பாக, கடல் உணவு போட்டுக் கொதிக்கும் வகையும் கிடைக்கும். முதல் முறைக்கு வெள்ளையையே வாங்குங்கள்.

தென்மேற்கே ஜொன்ஜு. பிபிம்பாப்புக்குப் பேர் போன ஊர். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் காலையில் சாப்பிடுவது கொங்நாமுல் குக்பாப், அதாவது சோயா முளை போட்ட சூப்புச் சோறு. அங்கே நம்பு என்ற பெயருள்ள சந்தையில் செய்கிற முறையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆறிய சோற்றைக் கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் சாற்றை ஊற்றி, மறுபடி அண்டாவுக்கே வடித்து, மறுபடி ஊற்றி, இப்படிப் பல தடவை செய்வார்கள். சோற்றைச் சூடாகவே வைத்திருக்க வழியில்லாத காலத்தில் வந்த முறை இது. ஒவ்வொரு பருக்கையிலும் சாறு இறங்கியிருக்கும், வாயைச் சுடாத பதத்தில் மேசைக்கு வரும். கூடவே தனிக் கிண்ணத்தில் அரைவேக்காட்டு முட்டை வரும். அதில் இரண்டு மூன்று கரண்டிச் சாறு விட்டு, கடற்பாசித் தாளைக் கிள்ளிப் போட்டு, முதலில் அதைக் குடித்துவிட்டு அப்புறம் சோற்றுக்குப் போங்கள். சாறு பொதுவாக நெத்திலியிலும் உலர்ந்த மீனிலும் எடுத்தது, கணவாய்த் துண்டு இருக்கலாம். சில கடைகள் மாட்டிறைச்சி போட்ட தொடுகறி வைக்கும், அம்மா அதை மட்டும் ஒதுக்கிவிடட்டும்.

தெற்கே புசான். 1950-இல் போர் வந்தபோது வடக்கிலிருந்து ஓடி வந்த லட்சக்கணக்கானவர்கள் இந்தத் துறைமுகத்தில்தான் வந்து நெருக்கிக்கொண்டார்கள். வடக்கில் அவர்கள் சாப்பிட்டது மரக்கோதுமை போட்ட நெங்மியோன். அந்த மாவு இங்கே கிடைக்கவில்லை, அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவு கிடைத்தது. அதில் பிழிந்ததுதான் மில்மியோன், இன்றைக்குப் புசானின் சொந்தச் சாப்பாடு. த்வேஜி குக்பாப் என்ற பன்றிச் சூப்புச் சோறும் அந்த அகதி வாழ்க்கையோடு சேர்த்தே சொல்லப்படுவது. சொம்யொன் சந்தையில் அதற்கென்று ஒரு தெருவே உண்டு, வாசலிலேயே அண்டா கொதிக்கும். நீங்களும் மனைவியும் அங்கே போகும்போது முதலில் வெறும் சாற்றை ருசி பாருங்கள். அப்புறம் உப்பில் ஊறிய குட்டி இறால் கொஞ்சம், கைநிறைய பூண்டுத் தாள் போன்ற பச்சைக் கீரை, கடைசியில் மிளகாய் விழுது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டிவிட்டால் அந்தக் கடையின் கைமணம் தெரியாது.

அம்மாவுக்குப் புசானில் ஜேசொப்குக். விரல் நகம் அளவு ஆற்று மட்டியை வேகவைத்த, இளநீலம் கலந்த வெளிர்ச் சாறு. முன்பெல்லாம் பெண்கள் விடியற்காலையில் இதைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்து "ஜேசொப்குக் வாங்குங்கோ" என்று தெருத் தெருவாகக் கூவி விற்றார்கள். 1987-இல் நக்தோங் ஆற்று முகத்துவாரத்தில் தடுப்பணை வந்த பிறகு அங்கே மட்டி அருகிப்போயிற்று, இப்போது பெரும்பாலும் சொம்ஜின் ஆற்றிலிருந்து வருகிறது. மட்டி பிடிக்காவிட்டால் ஜகல்ச்சி மீன் சந்தையைச் சுற்றிச் சுட்ட மீன் கடைகள் நிறைய இருக்கின்றன.

பழக்கவழக்கங்கள் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். வயதில் பெரியவர் கரண்டி எடுத்த பிறகு மற்றவர்கள் ஆரம்பிக்க வேண்டும், அதாவது அம்மாதான் முதலில். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கக் கூடாது, கரண்டியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தக் கூடாது, அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. கார சூப் குடித்து மூக்கு ஒழுகினால் எழுந்து வெளியே போய்ச் சிந்துங்கள். உலோகக் குச்சி வழுக்கும், முள்கரண்டி கேட்டுக்கொள்ளலாம், சோற்றுக்கு எப்படியும் கரண்டிதான். இறைச்சி சுடும் கடையில் கடைக்காரர் திருப்பிப் போட வந்தால் அவரிடமே விட்டுவிடுங்கள், எப்போது வெட்ட வேண்டும் என்று அவருக்குத்தான் தெரியும்.

மதியச் சாப்பாடு தலைக்கு 9,000 முதல் 13,000 வொன் வரை ஆகும். 10,000 வொன் என்றால் ஏறக்குறைய 600 ரூபாய். பணத்தை வாசலில் இருக்கும் கல்லாவில் கொடுக்க வேண்டும், டிப்ஸ் கிடையாது, மேசையில் வைத்துவிட்டு வந்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்கள். கிளம்பும்போது "ஜல் மொகொஸும்னிடா", நன்றாகச் சாப்பிட்டோம், என்று அடுப்படிப் பக்கம் பார்த்தும் ஒரு முறை சொல்லுங்கள். அம்மாவுக்கு மூட்டு வலி இருந்தால் உள்ளே நுழையும்போதே நாற்காலி மேசை இருக்கிறதா என்று பாருங்கள், பழைய கடைகளில் இன்னும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டியிருக்கும்.

கிளம்பும் முன் ஒரு சின்னத் தயாரிப்பு. நீங்கள் சென்னைப் பக்கம் என்றால், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 1990-களின் கடைசியில் ஹூண்டாய் வந்த பிறகு கொரியக் குடும்பங்களுக்காகவே தொடங்கிய உணவகங்கள் நகரில் இருக்கின்றன. அம்மாவை ஒரு முறை அழைத்துப் போய், சோயா விழுதின் வாசனையையும் புளித்த கிம்ச்சியையும் பழக்கிவிடுங்கள். பிடிக்காமல் போனால் அது இங்கேயே தெரிந்துவிடுவது நல்லது.

கடைசியாக, அக்டோபர் கடைசியில் போகிறீர்கள், புது அரிசி வரும் நேரம் அது. ஒரு வேளையாவது, கல் சட்டியில் ஆளுக்குத் தனித்தனியாகச் சோறு வடித்துத் தரும் தொல்சொத்பாப் கடைக்குப் போங்கள், மீனோடு தரும் கடைகளும் உண்டு. சட்டி வந்ததும் சோற்றை முழுக்கக் கிண்ணத்துக்கு மாற்றிவிட்டு, அடியில் பிடித்திருக்கும் காந்தலில் வெந்நீரை ஊற்றி மூடி வைக்க வேண்டும். வெந்நீர் ஒரு கெட்டிலில் மேசையிலேயே இருக்கும். சாப்பிட்டு முடிப்பதற்குள் அது ஊறி, வறுத்த வாசனையோடு கஞ்சித் தண்ணீராகியிருக்கும். இதைத் தெரியாமல் சட்டியிலிருந்தே சோற்றைச் சாப்பிடும் வெளிநாட்டுக்காரர்கள் நிறையப் பேர். நீங்கள் மறந்தாலும் கடைக்கார அம்மா வந்து ஊற்றிவிட்டுப் போவார், தடுக்காதீர்கள்.